மூன்றாம் நாள் அக்கி

என்னுடைய டிரங்குப் பெட்டி புளியங்குடிக்குப் போய்விட்டது. நான் மட்டும் சங்கரன்கோவிலுக்கு வந்து சேர்ந்தேன்.

ராஜபாளையம் பஸ் ஸ்டாண்டில் இரண்டு பஸ்கள் ஒன்றையொன்று உரசிக்கொண்டு நின்றன. ஒன்று சங்கரன்கோவில் போவது. மற்றது சிவகிரி வழியாகப் புளியங்குடி போவது. பெட்டியைத் தலையில் வாங்கிய ஆள் ஏணியில் ஏறும்போது நான் கீழே நின்று, "பார்த்து, பார்த்து, உள்ளே மருந்து இருக்கு" என்று கத்திக்கொண்டிருந்தேனே தவிர, அவர் ஏறியது எந்த பஸ்ஸின் ஏணி என்று பார்க்கவில்லை. பினாங்கு ஆஸ்பத்திரியில் இருபத்திரண்டு வருஷமாக மருந்து எடுத்துக் கொடுப்பவன் நான். ஒரு மாத்திரையைக்கூட மாற்றிக் கொடுத்ததில்லை என்று மார்தட்டிக்கொள்வேன். இந்தியாவில் கால் வைத்த இரண்டாம் நாளே ஒரு பெட்டியை முழுசாக மாற்றி அனுப்பிவிட்டேன்.

கரிவலம்வந்தநல்லூர் தாண்டியபோதுதான் எனக்குச் சந்தேகம் வந்தது. கண்டக்டரிடம் சொன்னேன். அவர் ஓடுகிற பஸ்ஸின் பின் ஏணியில் தொற்றி ஏறி, கூரையைப் பார்த்துவிட்டு இறங்கி வந்தார்.

"மேல நாலு மூட்டை வெங்காயம் இருக்கு, ஒரு கட்டு பாய் இருக்கு. பெட்டி கிட்டி ஒண்ணும் இல்ல அண்ணாச்சி. நீங்க பெட்டியோடதான் வந்தியளா?"

எங்கள் பினாங்கு பஸ்ஸில் இப்படி ஒருவர் ஏறி இறங்கினால் மறுநாள் வேலை போய்விடும். இங்கே யாரும் தலையைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. எனக்கு வந்த கோபத்தை யார்மேல் காட்டுவது என்று தெரியாமல் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

எண்பதுகளின் தொடக்கம், ஆடி மாதம். சங்கரன்கோவில் அம்மன் திருவிழாவான ஆடித் தபசுக்கு இன்னும் பத்து நாள் இருந்தது. நான் தபசு பார்க்க வரவில்லை. என் அக்கா கோமதியின் கடிதம்தான் என்னை விமானம் ஏற்றியது. அவளைச் சங்கரன்கோவிலில் கட்டிக்கொடுத்த மறுவருஷம் நான் அப்பாவோடு கப்பல் ஏறியவன். வருஷத்துக்கு இரண்டு கடிதம் எழுதுவாள், இரண்டிலும் எல்லோரும் சௌக்கியம். இந்தக் கடிதத்தில் சௌக்கியம் என்ற சொல்லே இல்லை. "கார்த்திகையில் எனக்கு அக்கி வந்தது. கொப்புளம் போய்விட்டது, எரிச்சல் போகவில்லை. விலாவில் கங்கு கட்டி வைத்திருக்கிறது. இங்கே ஒருத்தரும் நம்பவில்லை. நீ மருந்துக்குள்ளே இருக்கிறவன். நீயாவது வந்து பார்."

நரம்பு வலிக்கென்று எங்கள் டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரைகளை மூன்று மாதத்துக்கு எண்ணி எடுத்து, அவற்றைத்தான் அந்தப் பெட்டியில் வைத்திருந்தேன். என் வேட்டி சட்டைகள் போனதைப் பற்றி எனக்குக் கவலை இல்லை.

பஸ் ஸ்டாண்டில் அத்தான் சங்கரலிங்கம் சைக்கிளோடு நின்றிருந்தார். அக்காவின் வீட்டுக்காரர். புளியங்குடி எலுமிச்சை மார்க்கெட்டில் கமிஷன் கடை. காலை பஸ்ஸில் போய்ச் சாயங்கால பஸ்ஸில் திரும்புகிறவர். கிட்டப் போனால் எலுமிச்சை வாடை வரும்.

"என்ன மாப்ளே, கையை வீசிக்கிட்டு வாரேரு? பினாங்குல பெட்டி படுக்கையெல்லாம் கிடையாதோ?"

சொன்னேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

"புளியங்குடி பஸ்ஸுதான? அப்ப நம்ம மார்க்கெட்டுக்குத்தான் போயிருக்கு. கவலைய விடும். நாளைக்கே விசாரிக்கேன்."

வீட்டுக்குள் நுழைந்தபோது அக்கா எழுந்து வந்தாள். இருபத்தைந்து வருஷத்துக்கு முன்னால் பார்த்த அக்கா இல்லை. அதைவிட எனக்கு உறுத்தியது அவள் இடது கை. உடம்பில் படாமல் விலக்கியே வைத்திருந்தாள், இடுப்பில் குடம் இருப்பதுபோல. வெளியே ஆடிக் காற்று அடித்துக்கொண்டிருந்தது. வீட்டில் ஒரு ஜன்னல்கூடத் திறந்திருக்கவில்லை.

"காத்துப் பட்டா எரியுதுலே" என்றாள். "துணி பட்டா எரியுது. ஈ உக்காந்தாலும் உயிர் போயிட்டு வருது. நீ மெலிஞ்சிட்டியே, அங்கன சோறு போடுதாங்களா இல்லியா?"

மறுநாள் காலையில் அத்தான் கடைக்குப் போனதும் அவள் முழுக்கதையையும் சொன்னாள்.

அந்தப் பக்கத்தில் அக்கி வந்தால் டாக்டரிடம் போவதற்கு முன்னால் வேளாரிடம் போவார்கள். மண்பாண்டம் செய்கிற வீட்டில் யாராவது ஒருவர் காவிக்கல்லை உரசி, தேங்காய்ச் சிரட்டையில் குழைத்து, சேவல் இறகால் தொட்டு, கொப்புளத்தைச் சுற்றிச் சிங்கத்தின் உருவமும் கோடுகளும் எழுதுவார். இதற்கு அக்கி எழுதுவது என்று பெயர். காலை வெயிலைப் பார்த்து உட்கார வைத்து, தொடர்ந்து மூன்று நாள் எழுத வேண்டும். அதுவரை தண்ணீர் படக்கூடாது. அக்கா கரிவலத்தில் முப்பிடாதி என்கிற பெண்ணிடம் இரண்டு நாள் எழுதிக்கொண்டாள். மூன்றாம் நாள் காலையில் காய்ச்சல் தூக்கிவிட்டது. அத்தான் பயந்துபோய் வாடகைக் கார் பிடித்துத் திருநெல்வேலிக்குக் கொண்டுபோனார். அங்கே ஒரு நர்ஸ் முதல் காரியமாகச் சோப்பும் டெட்டாலும் போட்டு அவ்வளவு காவியையும் தேய்த்துக் கழுவினாள்.

"மூணாம் நாள் எழுதாம விட்டா நின்னு போயிரும்னு சொன்னேன். கேட்டாவளா உங்க அத்தான்? அன்னைக்கு அழிஞ்சதுதான். அங்கனயே நின்னு போச்சு. போகவும் இல்ல, விடவும் இல்ல."

அவள் சொன்ன விதத்தில் அது நோய்க் கதையாக இல்லை, பிராது மாதிரி இருந்தது. நான் அத்தான் கட்சி. காய்ச்சலோடு இருக்கிற பெண்ணை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது சரி, கழுவியதும் சரி என்று எடுத்துச் சொன்னேன். அவள் எழுந்துபோய், ஒரே கையால் தேங்காய் துருவ ஆரம்பித்தாள். மத்தியானம் சொதி வைத்தாள், இஞ்சித் துவையல் அரைத்தாள். பினாங்கில் தேங்காய்ப் பாலுக்குப் பஞ்சமில்லை, ஆனால் இந்தச் சொதி அங்கே வராது. குற்ற உணர்ச்சியோடு மூன்று முறை சோறு போட்டுக்கொண்டேன்.

சாயங்காலம் அத்தான் வந்தார். பெட்டி கிடைக்கவில்லை. கை கால் கழுவிக்கொண்டே தாழ்ந்த குரலில் எனக்கு வேறொன்றைச் சொன்னார்.

"மாப்ளே, நீரு டாக்டருக்குப் பக்கத்துல இருக்கவரு. ஒமக்குச் சொன்னாப் புரியும். போன வாரம் கோயில்ல எவளோ சேக்காளியப் பாத்துட்டுச் சிரிச்சிச் சிரிச்சிப் பேசுதா. கை ரெண்டும் நல்லாத்தான் ஆடுது. என்னயப் பாத்ததும் இடது கை மேல ஏறுது. திருநெல்வேலிலயும் புண்ணு ஆறிட்டுன்னு சொல்லிட்டான். நான் ஒண்ணும் குத்தமாச் சொல்லல. ஆனா இது உடம்புல உள்ள வலி இல்ல. என்மேல உள்ள வலி."

அவர் கெட்டவர் இல்லை என்பதுதான் சங்கடம். எட்டு மாதமாகக் குற்றவாளிக் கூண்டில் நின்று களைத்துப்போன மனிதர்.

நான் வந்த மூன்றாம் நாள், அக்காவுக்கு வைத்தியம் பார்த்த உள்ளூர் டாக்டரைப் போய்ப் பார்த்தேன். சின்ன வயசு, பொறுமைசாலி. தோல் ஆறிவிடும், உள்ளே நரம்பு கருகிப்போயிருக்கும், சிலருக்கு வருஷக்கணக்கில் எரியும், நடிப்பே இல்லை என்றார். "வீட்டுக்காரர் கிட்டயும் சொல்லிட்டேன் சார். தலைய ஆட்டிட்டுப் போனார்." தன்னிடம் உள்ள மாத்திரைகளை எல்லாம் கொடுத்துப் பார்த்தாயிற்று, உங்கள் பெட்டி வந்தால் அதையும் பார்க்கலாம் என்றார்.

பெட்டியைத் தேடி நானே கிளம்பினேன். அத்தான் புளியங்குடியைப் பார்த்துக்கொள்ளட்டும், நான் சிவகிரியில் விசாரிக்கிறேன் என்று கணக்கு. சிவகிரியில் கண்ணுக்கு நிறைவாக மலை இருந்தது. பெட்டி இல்லை. பஸ் நிற்கிற இடத்து டீக்கடைக்காரர் மட்டும் அக்கறையாக விசாரித்தார். பச்சைப் பெயின்ட் பெட்டியா, பூட்டு பித்தளையா, எந்த ஊர் பூட்டு, பினாங்கில் இப்போது மழையா வெயிலா. கடைசியில், "நம்ம கண்ணுல படல. பட்டாச் சொல்லி அனுப்புதேன்" என்றார். யாரிடம் சொல்லி அனுப்புவார் என்று நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. சுக்கு மணக்கும் டீ இரண்டு குடித்துவிட்டுத் திரும்பினேன்.

திரும்பும் வழியில் பஸ் டயர் வெடித்தது. வேப்பமரத்தடியில் எல்லோரும் இறங்கி நின்றோம். டிரைவருக்கு ஆளாளுக்கு யோசனை சொன்னார்கள். எனக்கு முன்னால் இரண்டு பெண்கள் பல்வலியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"கோயில் புத்துமண்ணு வீட்டுலயும் டப்பால இருக்குக்கா. நானே எடுத்துப் பூசுனா கேக்க மாட்டுக்கு. எங்க அத்தை எடுத்து, ரெண்டு வார்த்தை சொல்லிப் பூசிவிட்டாத்தான் கேக்குது."

"உங்க அத்தைக்குக் கைராசி."

"கைராசியாவது ஒண்ணாவது. சண்டைக்காரி. ஆனா பூசும்போது மட்டும் பிள்ளையப் பாக்க மாதிரிப் பாப்பா."

நான் சிரித்திருக்க வேண்டும். சிரிப்பு வரவில்லை. எங்கள் ஆஸ்பத்திரி நூலகத்தில் படித்த ஒரு கட்டுரை ஞாபகத்துக்கு வந்துவிட்டது.

அபினியிலிருந்து எடுக்கிற மார்ஃபின் வலியை அடக்கும், இது எல்லோருக்கும் தெரிந்தது. ஏன் அடக்குகிறது என்று தோண்டிப் பார்த்தவர்கள் சில வருஷங்களுக்கு முன்னால் ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். மார்ஃபின் போய் உட்காருவதற்கென்றே மூளையில் இடங்கள் இருக்கின்றன. செடியில் விளைகிற சரக்குக்கு நம் தலைக்குள் ஏன் நாற்காலி போட்டு வைத்திருக்கிறது? ஏனென்றால் உடம்பே அந்த ஜாதி மருந்தைச் சொந்தமாகக் காய்ச்சிக்கொள்கிறது. வெறும் மாத்திரையைக் கொடுத்து, வலி மருந்து என்று சொன்னால் சிலருக்கு வலி குறைகிறதே, அந்த நேரத்தில் வேலை செய்வதும் இந்த உள்ளூர்ச் சரக்குதான் என்று ஒரு கட்சி சொன்னது. அது முழுக் கதை இல்லை என்று இன்னொரு கட்சி. அதைப் படித்த அன்று சுவாரஸ்யமாக இருந்தது. பத்திரிகையை மூடிவைத்துவிட்டு மாத்திரை எண்ணப் போய்விட்டேன்.

வேப்பமரத்தடியில் நின்றபோது எனக்கு உறைத்தது வேறு. அக்காவின் உடம்பு ஒன்றுக்காகக் காத்துக்கொண்டிருக்கிறது. எட்டு மாதமாக அது வரவில்லை. அவளுக்குக் கொடுத்த மாத்திரை ஒவ்வொன்றையும், "மூணாம் நாள் எழுதலியே, இது எங்க கேக்கப் போகுது" என்று சொல்லிக்கொண்டே விழுங்கியிருக்கிறாள். நானும் புதிதாக ஒரு மாத்திரையைக் கொண்டுவந்து அதே வாயில் போடுவதற்காக மலையடிவாரத்தில் பெட்டி தேடிக்கொண்டிருக்கிறேன்.

பெட்டி வந்தால் வரட்டும், வராவிட்டால் போகட்டும். மூன்றாம் நாளை எழுதி முடிப்பது என்று தீர்மானித்தேன். எனக்கு அதில் நம்பிக்கை இருக்கிறதா என்று என்னையே கேட்டேன். இல்லை. ஆனால் வலி எனக்கு இல்லையே, அவளுக்குத்தானே.

அத்தானிடம் சொன்னபோது அவர் வெற்றிலைச் செல்லத்தை மூடி வைத்தார்.

"ஏன் வே, பினாங்கு ஆஸ்பத்திரில இதத்தான் படிச்சுக் குடுத்தாவளா?"

"இதையும்தான்."

"சரி, கூட்டிட்டுப் போம். நான் தடுக்கல."

"நீங்களும் வரணும் அத்தான்."

"நானா? நாளைக்கு லோடு வருது."

"லோடு வரட்டும். நீங்க வராம நான் போக மாட்டேன். பெட்டி இல்லாமலேகூட ஊருக்குத் திரும்பிப் போவேன், நீங்க வராம கரிவலத்துக்குப் போக மாட்டேன்."

எதற்காக இவ்வளவு பிடிவாதம் பிடித்தேன் என்று அப்போது எனக்கே தெரியாது. வரமாட்டேன் என்று அவர் சொன்னதும் பிடிவாதம் தானாக வந்தது. அப்பாவின் சொத்தில் என் பங்குக்கு வந்தது அது ஒன்றுதான் என்று அக்கா சொல்வாள்.

நாலாம் நாள் முதல் பஸ்ஸில் மூவரும் போனோம். அக்காவுக்கு ஜன்னல் ஓரம், அவளுக்கு இந்தப் பக்கம் நான், எனக்கு இந்தப் பக்கம் அத்தான்.

முப்பிடாதிக்கு நாற்பது வயது இருக்கும். கைகால் முழுக்க மண். அன்றைக்குச் சூளைக்கு அடுக்க வேண்டிய நாள். காய்ந்த பானைகள் வாசல் முழுக்கக் கவிழ்த்துக் கிடந்தன. நாங்கள் வந்த நேரம் அவளுக்குப் பிடிக்கவில்லை என்பதை மறைக்கவும் இல்லை.

"எட்டு மாசம் கழிச்சு மூணாம் நாளா? நல்ல கூத்தா இருக்கே. எழுதுனா மொதல்ல இருந்துதான் எழுதணும்."

"ரெண்டு நாள் எழுதுனது உள்ள இறங்கிட்டு முப்பிடாதி" என்றாள் அக்கா. "அழிச்சது மேல உள்ளதத்தான். நீ மூணாம் நாளை மட்டும் எழுது."

முப்பிடாதி அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு எங்களைப் பார்த்தாள்.

"அழிச்சது யாரு?"

நான் தரையைப் பார்த்தேன். அத்தான் தொண்டையைச் செருமினார்.

"ஆஸ்பத்திரில நர்ஸம்மாதான்."

"கூட்டிட்டுப் போனது?"

"நான்தான்."

"அப்ப உள்ள வாங்க. சிரட்டைய நீங்க பிடிங்க. அழிச்ச கை பிடிக்கட்டும்."

சாக்குப் படுதாவுக்குப் பின்னால், கிழக்கு வெயில் விழுகிற இடத்தில் அக்காவை உட்கார வைத்தார்கள். நான் வெளியே தெருவைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டேன். காவிக்கல்லைத் தேய்க்கிற சத்தம் கேட்டது. அப்புறம் பேச்சு மட்டும்.

"இங்கன தொடட்டுமா?"

"ம்."

"குளிருதா?"

"குளிருது."

பிறகு அத்தானின் குரல். அது அவர் குரல்தானா என்று திரும்பிப் பார்க்கத் தோன்றியது.

"கோமதி, வலி இங்கனயிருந்தா?"

"இன்னும் பின்னால."

"இது வரைக்குமா?"

"அதுக்கும் கீழ. முதுகுத்தண்டு வரைக்கும்."

"இம்புட்டு தூரமா?" என்றார் அத்தான். "இம்புட்டு தூரம்னு நீ சொல்லவே இல்லியே."

"நீங்க கேக்கவே இல்லியே."

தெருவில் ஒரு சைக்கிள் போனது. எனக்குக் கண் நிறைந்துவிட்டது, அதை ஒளிக்க விரும்பவில்லை. எட்டு மாதத்தில் அந்த மனிதர் அந்த இடத்தைப் பார்ப்பது அன்றுதான் முதல் தடவை. அவர் பார்த்தால் அழித்தது ஞாபகம் வரும் என்று அவள் மறைத்திருக்கிறாள். அவரும் அதே காரணத்துக்காகப் பார்க்காமல் இருந்திருக்கிறார்.

கிளம்பும்போது முப்பிடாதியிடம் தனியாகக் கேட்டேன். அழித்தவர் கைதான் சிரட்டையைப் பிடிக்க வேண்டும் என்பது பழைய முறையா?

"முறையாவது! என் மக சூளைக்குப் போயிட்டா. எனக்குச் சிரட்டை பிடிக்க ஒரு கை வேணும். நீங்க ரெண்டு பேரும் சும்மாதான நின்னிய?" என்று சொல்லிவிட்டுப் பானையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் இடம் மாறியிருந்தது. அக்காவுக்குப் பக்கத்தில் அத்தான் உட்கார்ந்து, நிற்கிற கூட்டம் அவள்மேல் சாயாமல் கையைக் குறுக்கே நீட்டிக்கொண்டு வந்தார். அக்காவின் பின்கழுத்துக்குக் கீழே சிங்கத்தின் வால் மட்டும் சிவப்பாகத் தெரிந்தது. அவள் இடது கை மடியில் கிடந்தது. அன்று மத்தியானம் நாலு மணி நேரம் அசையாமல் தூங்கினாள். எழுந்ததும் அவளே போய் ஜன்னலைத் திறந்தாள். ஆடிக் காற்றில் நாள்காட்டித் தாள்கள் படபடவென்று அடித்துக்கொண்டன.

நான் அதோடு ஊருக்குக் கிளம்பியிருந்தால் இது நல்ல அற்புதக் கதையாக இருந்திருக்கும்.

ஐந்தாம் நாள் காலையில் அத்தான் உற்சாகமாக இருந்தார். காபி டம்ளரோடு அடுப்பங்கரை வாசலில் நின்று என்னைப் பார்த்துச் சொன்னார்.

"பாத்தேரா மாப்ளே? நான் சொன்னேன்லா. சேவல் இறகுல நாலு கோடு இழுத்தாப் போயிருதுன்னா அது என்ன வலி? நிஜமான வலின்னா சாயத்துக்குப் போவுமா? எல்லாம் மனசுதான். சரி, எப்படியோ போச்சே, அது போதும்."

அவர் சந்தோஷத்தில்தான் சொன்னார். உள்ளே இட்லித் தட்டு அடுக்கிக்கொண்டிருந்த சத்தம் நின்றது. எட்டிப் பார்த்தேன். அக்காவின் இடது கை மெல்ல உடம்பை விட்டு விலகி மேலே ஏறிக்கொண்டிருந்தது.

மத்தியானத்துக்குள் ஜன்னல்கள் எல்லாம் மூடிக்கொண்டன. அக்கா சாப்பிடவில்லை. சுவரைப் பார்த்து உட்கார்ந்து, பல்லைக் கடித்துக்கொண்டு, "எனக்கு ஒண்ணும் இல்லலே, நீ போ. எல்லாம் மனசுதான்" என்றாள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சாயங்காலம் அத்தான் செருப்பைக் கழற்றுவதற்குள் பிடித்துக்கொண்டேன். அக்கா கேட்க வேண்டும் என்றே முன்னறையில் உரக்கப் பேசினேன்.

"அத்தான், மார்ஃபின் ஊசி அளவுக்கு மேல போயிட்டா அதை முறிக்க ஒரு மருந்து இருக்கு. எங்க ஆஸ்பத்திரி அலமாரியில இருக்கு, என் கையாலயே எடுத்துக் குடுத்திருக்கேன். அந்த முறிவு மருந்துக்கு வேற வேலை கிடையாது. மார்ஃபின் உக்கார்ற இடத்துல போய் உக்காந்து அதைத் தள்ளிவிடும். அவ்வளவுதான்."

"சரி, அதுக்கென்ன?"

"வெளிநாட்டுல பல்லு பிடுங்கினவங்களுக்கு வெறும் ஊசியைப் போட்டு, வலி மருந்துன்னு சொல்லியிருக்காங்க. கொஞ்ச பேருக்கு வலி குறைஞ்சிருக்கு. நீங்க சொல்ற மாதிரி மனசுதான்னா விஷயம் அங்கேயே முடிஞ்சுது. ஆனா அவங்க அதோட விடல. அதே ஆளுகளுக்கு இந்த முறிவு மருந்தை ஏத்திப் பாத்திருக்காங்க. குறைஞ்ச வலி திரும்ப வந்திருக்கு."

அத்தான் ஒரு செருப்போடு நின்றார்.

"யோசிச்சுச் சொல்லுங்க. முறிக்கிறதுக்கு உள்ளே ஒரு மருந்து இருந்தாத்தானே முறியும்? வெளியே இருந்து ஒரு சொட்டு மருந்து போகல. அப்ப முறிஞ்சது எது? அந்த உடம்பே காய்ச்சின மருந்து. பொய் மாத்திரை, பொய் ஊசி, எல்லாம் சரி. அதைக் கேட்டு உடம்பு உள்ளே இறக்குதே, அந்தச் சரக்கு பொய் இல்ல. அது அடக்குற வலியும் பொய் இல்ல."

அவர் அக்கா இருந்த பக்கம் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"அப்ப நேத்து இவளுக்குக் கேட்டது?"

"அக்கா உடம்பு காய்ச்சினது."

"இன்னைக்குத் திரும்ப வந்தது?"

"காலையில அடுப்பங்கரை வாசல்ல நின்னு நீங்க முறிவு மருந்து குடுத்தீங்களே அத்தான்."

இந்தக் கடைசி வரி எந்தப் பத்திரிகையிலும் இல்லை. முதல்நாள் அக்காவின் உடம்புக்குள் என்ன ஊறியது என்று நான் அளந்து பார்க்கவும் இல்லை. ஆஸ்பத்திரியில் நோயாளிக்கு மருந்து எடுத்துக் கொடுக்கிறபோது இப்படிப் பேசினால் எங்கள் தலைமை மருந்தாளர் என்னைத் தோட்ட வேலைக்கு அனுப்பிவிடுவார். கோபத்தில் சொன்னேன். சொன்னதற்காக இன்றுவரை வருத்தப்படவில்லை.

அத்தான் மற்றச் செருப்பையும் கழற்றினார். உள்ளே போனார். அக்காவுக்கு எதிரில் தரையில் உட்கார்ந்தார். மன்னிப்பு கேட்கிற பழக்கம் அந்த வீட்டில் யாருக்கும் கிடையாது. எனக்குக் கேட்டது ஒன்றுதான்.

"இப்ப எங்கன எரியுது கோமதி? விரல் வச்சுக் காட்டு."

ஆறாம் நாள் என் பெட்டி வந்தது. புளியங்குடி மார்க்கெட்டில் ஒரு கடையில் ஐந்து நாளாக அதை முக்காலியாகப் போட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். கேட்பார் இல்லாத பெட்டி என்று கண்டக்டர் இறக்கி வைத்துவிட்டுப் போனாராம். பூட்டு அப்படியே இருந்தது. திறந்தால் வேட்டி, சட்டை எல்லாவற்றிலும் எலுமிச்சை வாடை. மாத்திரைகளை எண்ணிப் பார்த்தேன், ஒன்றும் குறையவில்லை. டாக்டரிடம் காட்டிவிட்டு அன்றே தொடங்கினாள் அக்கா. அத்தான்தான் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். ஒவ்வொரு நாளும் காலையில் எங்கே எரிகிறது, எவ்வளவு எரிகிறது என்று கேட்டார். அவள் விரல் வைத்துக் காட்டினாள். அது ஒரு வழக்கமாகிவிட்டது.

ஆகவே அக்காவுக்கு எது கேட்டது? பினாங்கு மாத்திரையா, கரிவலத்துக் காவியா, சிரட்டையைப் பிடித்த கையா? மூன்றையும் கலந்துவிட்டேன். மருந்து எடுத்துக் கொடுக்கிறவன் செய்யக்கூடாத காரியம். திரும்பவும் செய்வேன்.

தபசு முடிந்த மறுநாள் கிளம்பினேன். அத்தான் யாரையும் நம்பாமல் தானே ஏணியில் ஏறி, பெட்டியைக் கூரையில் வைத்துக் கயிறு போட்டார். முதலில் பஸ்ஸின் பலகையை மூன்று தடவை படித்தார். அப்புறமும் சந்தேகம் தீராமல் டிரைவரிடம் கேட்டுவிட்டுத்தான் ஏறினார்.

அக்கா ஜன்னலுக்குக் கீழே வந்து கம்பியைப் பிடித்துக்கொண்டாள். பிடித்தது இடது கை.

"வலி போகலலே" என்றாள், கூரையில் இருப்பவருக்குக் கேட்காத குரலில். "பாதிதான் குறைஞ்சிருக்கு. மீதி அப்படியேதான் இருக்கு."

"தெரியும்க்கா. மாத்திரையை நிறுத்தாதே. தீரும்போது எழுது, அனுப்பி வைக்கிறேன்."

"அது இருக்கட்டும், இருந்துட்டுப் போகட்டும்" என்றாள். மேலே கயிறு இழுத்துக் கட்டுகிற சத்தம் கேட்டது. அக்கா தலையை நிமிர்த்தி அந்தப் பக்கம் பார்த்துவிட்டுச் சொன்னாள்.

"இப்ப அவுக நம்புதாவ."